ஆடு விற்ற காசு

அத்தைக்குக் காய்ச்சல் என்று முதல் போன் வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018, ஐப்பசி மாதம். மழைக்காலத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் வராது? 'கஷாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க' என்று சென்னையில் இருந்தபடியே வைத்தியம் சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்போது வயது அறுபத்து நாலு. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில், பென்னாகரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அவள் ஊர். மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், அதில் கேழ்வரகும் அவரையும். அப்புறம் பதினோரு வெள்ளாடு. பதினொன்றுக்கும் பேர் உண்டு. என் பெண்டாட்டி பேரில்கூட ஒரு ஆடு இருந்தது. அதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி போன். பக்கத்து வீட்டுத் தம்பிதான் பேசினார்.

"காலையில பார்த்தா ஒண்ணுமே இல்லீங்கண்ணா. ஆட்டை ஓட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போயிடுது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாருங்க, உடம்பு உதற ஆரம்பிச்சுடுது. நடுராத்திரியில புடவை நனையற மாதிரி வேர்த்துக் கொட்டுது. விடிஞ்சா மறுபடி ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கிளம்பிடுது."

முதலில் ஊசி போட்டார்களாம். அப்புறம் ரத்தம் எடுத்து 'டைபாய்டு' என்று ஒரு வாரம் மாத்திரை. விடவில்லை. வேறு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். அங்கேயும் டைபாய்டு. இன்னொரு வாரம், இன்னும் விலை கூடிய மாத்திரை. டெங்கு இல்லை. மலேரியா இல்லை. பூசாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஆவணியில ரெண்டு ஆடு குட்டி வீசிடுச்சு. ஐப்பசியில ஆளு படுத்துக்கிச்சு. யாரோ வெச்சுட்டாங்க" என்று தாயத்து கட்டிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வருகிறேன்.

இருபத்து நாலாவது நாள் ஊருக்குப் போனேன். கதவைத் திறந்த அத்தையைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. கன்னம் ஒட்டி, கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. "வாடா கண்ணு. களி கிண்டட்டுமா?" என்றாள், கொதிக்கிற உடம்போடு.

மறுநாளே தர்மபுரி டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஐம்பது வயதுக்காரர். போர்டில் பட்டங்கள் அதிகம் இல்லை, கூட்டம் நிறைய இருந்தது. பழைய சீட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, டைபாய்டு ரிப்போர்ட்டைத் தனியே எடுத்து வைத்தார்.

"இந்த விடால் டெஸ்ட் 1896-ல கண்டுபிடிச்சது. நம்ம ஊர்ல யாருக்குமே இது கொஞ்சம் பாசிட்டிவாத்தான் காட்டும். எப்பவோ வந்துபோன காய்ச்சலோட ஞாபகம் ரத்தத்துல இருக்கும் இல்லையா? ஒரே ஒரு தடவை எடுத்த விடாலை வெச்சு டைபாய்டுன்னு சொல்றது, வாசல்ல செருப்பு கிடக்குதுன்னு ஆள் உள்ளே இருக்கான்னு சொல்ற மாதிரி" என்றார்.

அத்தையின் ஃபைலின் மேல் மூன்று எழுத்து எழுதினார். பி.யு.ஓ. நம் தமிழ்நாட்டில் மூன்றெழுத்துக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு என்பதால், ஏதோ பெரிய வியாதி போலிருக்கிறது என்று பயந்துவிட்டேன். விரித்துச் சொன்னபோது இன்னும் பயம் வந்தது. 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்பதைத்தான் இங்கிலீஷில் அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள்.

தெரியவில்லை என்பதற்குக்கூட ஒரு இலக்கணம் இருக்கிறது. 1961-ல் அமெரிக்காவில் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்று இரண்டு டாக்டர்கள் வகுத்தது. காய்ச்சல் 101 டிகிரியை அடிக்கடி தாண்ட வேண்டும். மூன்று வாரத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துத் தோண்டித் துருவியும் விஷயம் பிடிபடாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பட்டம். அப்படி 100 பேரை அவர்கள் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 36 பேருக்கு உடம்பில் எங்கோ ஒளிந்திருந்த கிருமி. 19 பேருக்குப் புற்று. மிச்சப் பேருக்கு வேறு வேறு காரணங்கள். ஒரு சிலருக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியவே இல்லை.

இத்தனை மெஷின் வந்த பிறகு அந்தக் கடைசிக் கணக்கு குறைந்திருக்க வேண்டும்தானே? நெதர்லாந்தில் 2007-ல் 73 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. பாதிப் பேருக்குக் காரணம் தெரியவில்லை! டாக்டர்கள் மழுங்கிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியதெல்லாம் ஸ்கேனில் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்கிறது. மூன்று வாரம் தாண்டி வந்து நிற்பவை எல்லாம் தேர்ந்த திருடர்கள்.

அத்தையின் திருடனைத் தேடும் படலம் ஆரம்பித்தது. நெஞ்சு எக்ஸ்ரே, நார்மல். வயிற்று அல்ட்ராசவுண்டில் மண்ணீரல் துளி பெரிசு, மற்றபடி நார்மல். இதய வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறதா என்று எக்கோ. நார்மல். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன். நார்மல். வாழ்க்கையில் 'நார்மல்' என்ற வார்த்தையை இவ்வளவு வெறுத்ததில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வரும்போது, 'ஏதாவது கெட்டதா எழுதியிருக்கக் கூடாதா' என்று மனசு ஏங்கியது. பரீட்சையில் பெயிலாக வேண்டிக்கொண்ட மாதிரி.

"அம்மா, எங்கயாவது வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"வயசானா எல்லா இடமும்தான் வலிக்குது சாமி. எங்க ஊர்ல யாருக்கு இடுப்பு வலிக்கல?"

அது உண்மை. தர்மபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் காவி ஏறுவது வெளியில் தெரிகிற அடையாளம். உள்ளே எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறியது 2013-ல்தான். அத்தை தலைமுறை அதற்கு முன்பே ஐம்பது வருஷம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டது. எல்லோருக்கும் இடுப்பு வலிக்கிற ஊரில் ஒருத்தியின் இடுப்பு வலியை யார் கணக்கில் எடுப்பார்கள்? டாக்டரும் எடுக்கவில்லை. நானும்தான். நாற்பது நாளாக அவள் எழுந்திருக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று சேலத்தில் இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். "டி.பி. மருந்து போட்டுப் பார்த்துடலாம். நம்ம நாட்டுல இந்த மாதிரிக் காய்ச்சல்னா முதல் சந்தேகம் அதுதான்" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எக்ஸ்ரேயில் தெரியாமல், நெறிகட்டியிலோ எலும்பிலோ குடலிலோ போய் உட்காருவதில் காசநோய் கில்லாடி. நம் நாட்டில் இப்படி மூன்று வாரம் தாண்டிய காய்ச்சல்களில் கடைசியில் அதுதான் என்று முடிபவை ஏராளம். ஆனால் ஆறு மாதம், ஒன்பது மாதம், கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடிய மருந்து. அதை 'போட்டுப் பார்ப்போம்' என்ற நம்பிக்கையில் அறுபத்து நாலு வயதில் ஆரம்பிப்பதா?

தர்மபுரி டாக்டரிடம் திரும்பி வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாமா? பெட் ஸ்கேன். பெங்களூர் போகணும். செலவு ஆகும். எடுத்தாலும் பதில் கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

இருபத்திரண்டாயிரம் என்றார்கள் போனில். கார் வாடகை தனி. அதுவரைக்கும் ஆன செலவில் என் கை ஏற்கெனவே காய்ந்திருந்தது. கடன் கேட்க ஒரு நண்பனுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது அத்தை என் முன்னால் ஒரு மஞ்சப்பையை வைத்தாள். முப்பத்தோராயிரம்.

"ஏது அத்தை?"

"அஞ்சு உருப்படியை வித்துட்டேன்."

"என்னைக் கேட்க மாட்டியா?"

"என் உடம்புக்கு என் ஆடு. உன்னை எதுக்குடா கேட்கணும்?"

பெட் ஸ்கேனுக்கு முந்தின நாள் போனில் நிபந்தனைகளைச் சொன்னார்கள். மாவுச்சத்து கூடாது, அதனால் களி கிடையாது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். வெற்றிலை பாக்கு மெல்லவே கூடாது. அத்தைக்குக் களி இல்லை என்றதுகூடப் பரவாயில்லை. வெற்றிலை இல்லை என்றதும், "அப்படி என்னடா அது படம்? எம்.ஜி.ஆர். படமா?" என்றாள்.

காரணம் இருக்கிறது. இந்த ஸ்கேனின் சூட்சுமமே சர்க்கரைதான். குளுக்கோஸைப் போலவே இருக்கும் ஒரு பொருளில் கதிரியக்க ஃப்ளோரினை ஒட்டவைத்து ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். எஃப்.டி.ஜி. என்று பெயர். உடம்பில் எந்த இடம் பசியோடு வேலை செய்கிறதோ அது இந்தப் போலிச் சர்க்கரையை அள்ளி விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது. தொண்டையில் சிக்கின முள் மாதிரி அங்கேயே தங்கிவிடும். தங்கின இடத்திலிருந்து கதிர் கிளம்பும். சுற்றிலும் வளையமாக இருக்கும் கருவி அதைப் பிடித்து, எந்த இடம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். புற்றுக்கட்டிக்குப் பசி அதிகம். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களுக்கும் பசி அதிகம். காய்ச்சலின் ஒளிவிடம் தெரிவது அதனால்தான். வெற்றிலை மென்றால் தாடைத் தசை சர்க்கரையைத் தின்று அங்கே வெளிச்சம் போட்டுவிடும். பேசினால்கூடத் தொண்டைத் தசை மின்னும்.

மற்ற ஸ்கேன்கள் வடிவத்தைப் பார்க்கின்றன. வீங்கியிருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று. இது மும்முரத்தைப் பார்க்கிறது. தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பதுபோல.

இந்த மருந்தை மனித உடம்பில் முதலில் ஏற்றியது 1976-ல், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில். அப்போது அவர்கள் தேடியது மூளையின் வேலையை. காய்ச்சலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. பெட்டையும் சி.டி.யையும் ஒரே கருவியில் சேர்த்து முதன்முதலாக 1998-ல் பிட்ஸ்பர்க்கில் நோயாளிகளைப் பார்த்தார்கள். இந்தியாவுக்குப் பெட் ஸ்கேன் 2002-ல் மும்பையில் வந்தது. சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில்தான் அந்த ஃப்ளோரினைத் தயாரிக்க முடியும். தயாரித்துவிட்டு ஆறப் போட முடியாது. 110 நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். மல்லிகைப் பூவாவது சாயந்திரம் வரை தாங்கும்.

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டும்போது அத்தை, "வெள்ளச்சியை வித்திருக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். ஓசூர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஊசி போட்டு, தடித்த கதவுள்ள ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது. கதவு மூடியது. வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. வராந்தா முழுக்க வெவ்வேறு குடும்பங்கள். முக்கால்வாசிப் பேர் புற்றுநோய்க்காக வந்தவர்கள். கையில் எங்களைப் போலவே பெரிய கவர்கள். காய்ச்சலுக்காக வந்திருக்கிறோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஸ்கேன் முடிந்து அனுப்பும்போது அந்தப் பையன் சொன்னான். "பாட்டி, இன்னிக்குக் கர்ப்பிணிப் பொண்ணுங்க, கைக்குழந்தைங்க பக்கம் போகாதீங்க. கதிர் கொஞ்சம் இருக்கும்."

"சினை ஆட்டுக்கிட்டப் போலாமா?"

அவன் சிரித்துவிட்டான். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தர்மபுரி டாக்டரின் கம்ப்யூட்டரில் அத்தையைப் பார்த்தேன். வெளுத்த திரையில் கறுப்புப் புகையால் வரைந்த மாதிரி ஒரு உருவம். மூளை கருகருவென்று இருந்தது. அது எப்போதும் சர்க்கரை தின்கிற ஜாதி, அதனால் அப்படித்தான் இருக்கும் என்றார். சிறுநீர்ப்பையும் அப்படியே, மருந்து வெளியேறுகிற வழி. அவர் ஒரு பட்டனைத் தட்டினார். சி.டி. படத்தின் மேல் கலர் ஏறியது. இடுப்புக்கு நேரே, முதுகெலும்பில், நாலாவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே, அவரைக் கொட்டை அளவில் ஒரு மஞ்சள் நெருப்பு.

நாற்பத்தேழு நாள். எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை, ஒரு தாயத்து. இத்தனைக்கும் தப்பி, எல்லோருக்கும் வலிக்கிற அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"கிடைச்சுடுச்சா சார்?" என்றேன்.

"இடம் கிடைச்சுது. ஆள் யாருன்னு தெரியல" என்றார். எரிகிற இடம் தெரியும், என்ன எரிகிறது என்று இந்தப் படம் சொல்லாது. காசநோய் எரிந்தாலும் மஞ்சள்தான். சாதாரணச் சீழுக்கும், வேறெங்கிருந்தோ பரவி வந்த புற்றுக்கும் அதே மஞ்சள். சில சமயம் ஆறிக்கொண்டிருக்கிற பழைய காயம்கூட மின்னி ஏமாற்றும். சர்க்கரைக்குச் சாப்பிடுகிற மெட்ஃபார்மின் மாத்திரை குடலையே ஜொலிக்க வைக்குமாம்.

அந்த இடத்தை மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் வட்டும் அதை ஒட்டிய எலும்பும் வீங்கியிருந்தன. ஆனால் எலும்பின் வடிவம் பெரிதாகக் குலையவில்லை. டாக்டர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"டி.பி.யா இருந்தா இத்தனை நாள்ல எலும்பை அரிச்சுச் சரிச்சிருக்க வாய்ப்பு அதிகம். இது வேற மாதிரி இருக்கு" என்றவர், சட்டென்று அத்தை பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க ஆடு வெச்சிருக்கீங்கன்னு சொன்னீங்க இல்ல? ஏதாவது குட்டி வீசுச்சா?"

"ஆமா சாமி. ஆவணியில ரெண்டு. நாலு மாசச் சினை."

"யாரு பார்த்தது?"

"வேற யாரு? நான்தான். வெள்ளச்சிக்கு நஞ்சு விழல. கையை விட்டு நான்தான் எடுத்தேன்."

"கையில காயம் ஏதாவது?"

அத்தை உள்ளங்கையைக் காட்டினாள். கேழ்வரகுக் கதிர் அறுத்த கை. அதில் காயம் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் இதை முதல் நாளே கேட்டிருக்கணும்" என்றார், என்னிடம் இல்லை, தனக்குள்ளே.

புரூசெல்லோசிஸ். மால்டா காய்ச்சல் என்று பழைய பெயர். மத்தியதரைக் கடலில் இருக்கும் அந்தத் தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் காய்ச்சலோடு கிடந்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. 1905-ல் தெமிஸ்டோக்ளிஸ் ஜாமிட் என்ற மால்டாக்காரர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். பார்க்கக் கொழுகொழுவென்று இருந்த ஆடுகள்தான் காரணம்! அந்த ஊரில் ஆட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து கொடுப்பார்களாம். 1906-ல் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. ராணுவத்தில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. பாலைக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும். ஆனால் நஞ்சுக்கொடியைக் கொதிக்க வைத்துவிட்டா யாரும் எடுக்கிறார்கள்?

ரத்தம் அனுப்பினார்கள். 'இந்தக் கிருமியைச் சந்தேகப்படுகிறேன்' என்று டாக்டர் லேபுக்குத் தனியாகப் போன் செய்து சொன்னார். மெதுவாக வளருகிற கிருமி, சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தவிர, அஜாக்கிரதையாகக் கையாண்டால் லேபில் வேலை செய்கிறவருக்கே தொற்றிவிடும். முதுகில் ஊசி விட்டுத் துளித் திசுவும் எடுத்தார்கள். டி.பி. இல்லை. புற்று இல்லை. புரூசெல்லாதான். ரத்தமும் அதையே சொன்னது.

டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின். மூன்று மாதம். ஆரம்பத்தில் சில வாரங்கள் தினம் ஒரு ஊசி. ஒன்பதாம் நாள் சாயந்திரம் விளக்கு வைத்த பிறகும் அத்தை நடுங்கவில்லை. நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் மணி பத்து வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். "என்னடா, எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று திட்டினாள். அதைவிட இனிமையான வசவு கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் டாக்டரிடம் கேட்டேன். "முதல் நாளே ஆட்டைப் பத்திக் கேட்டிருந்தா, பெங்களூர் போயிருக்கவே வேண்டாமில்ல சார்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வியாதி பேரு முதல் வாரமே தெரிஞ்சிருக்கும். நான் ஆறு வாரம் மருந்து குடுத்து நிறுத்தியிருப்பேன். முதுகெலும்புல இறங்கினது தெரியாமலே போயிருக்கும். நிறுத்தின பிறகு திரும்ப வந்திருக்கும். அவங்க சொன்ன மாதிரி டி.பி. மருந்து போட்டிருந்தா இன்னும் வேடிக்கை. அதுலயும் ரிஃபாம்பிசின் இருக்கு. காய்ச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். எல்லாரும் டி.பி.தான்னு முடிவு பண்ணியிருப்போம்."

பூசாரி ஆடு குட்டி வீசியதையும் ஆள் படுத்ததையும் ஒரே மூச்சில் சொன்னார். காரணம் தப்பு, முடிச்சு சரி. நான் சிரித்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சிரிப்புக்கு விலை, என் கணக்கில், சுமார் நாலு வாரம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

கால்நடை டாக்டர் வந்து மிச்சமிருந்த ஆறு ஆட்டுக்கும் ரத்தம் எடுத்தார். இரண்டுக்கு நோய் இருந்தது. அவற்றைப் பிரித்துவிட்டார்கள். அப்போது அவர் கேட்டார். "குட்டி வீசின ரெண்டு எது?"

அத்தை பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குட்டி வீசின ஆடு வீட்டுக்கு ஆகாது என்று, சந்தைக்கு முதலில் ஓட்டிப் போனது அந்த இரண்டைத்தான். வெள்ளச்சியும் அவளுடைய கூட்டாளியும். அந்தக் காசில்தான் பெங்களூரில் படம் எடுத்தோம்.

கறிக்குப் போயிருந்தால் சாப்பிடுகிறவருக்குப் பெரிய பயமில்லை, நன்றாக வெந்தால் போதும். அறுக்கிறவர் கையில் காயம் இருந்தால்தான் ஆபத்து. வளர்ப்புக்குப் போயிருந்தால்? இன்னொரு ஊரில், இன்னொரு பட்டியில், அடுத்த ஈற்றுக்கு இன்னொருத்தி வெறுங்கையை விடுவாள்.

"தெரிஞ்சா செஞ்சோம், அத்தை? விடு" என்றேன். இப்படிச் சொல்வது எனக்குச் சுலபமாக வந்தது.

மருந்து சாப்பிட்டுக்கொண்டே, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, மூன்று வாரம் விடாமல் சந்தைக்குப் போனாள். மூன்றாவது வாரம் அந்த வியாபாரி அகப்பட்டார். ஒன்று கறிக்குப் போய்விட்டது. வெள்ளச்சியை அரூர் பக்கத்துக்காரர் ஒருவர் வளர்க்க வாங்கிப் போனார், பேர் தெரியாது என்றார். அரூர் பக்கம் என்றால் எத்தனை ஊர்!

2019 செப்டம்பரில் மத்திய அரசு கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. கோமாரியோடு புரூசெல்லோசிஸும் அதில் உண்டு. நாலு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி. செய்தியைப் படித்துவிட்டு உற்சாகமாக அத்தைக்குப் போன் செய்தேன்.

"ஆட்டுக்கு?" என்றாள்.

"கன்னுக்குட்டிக்குன்னுதான் போட்டிருக்கு."

"சரி, இந்த வியாதிக்குத் தமிழ்ல என்னடா பேரு?"

"கன்று வீச்சு நோய்னு சொல்றாங்க."

"ஆட்டுக்காரன்கிட்டப் போய்க் கன்று வீச்சுன்னா எவன் காது குடுத்துக் கேட்பான்? குட்டி வீச்சுன்னு நானே சொல்லிக்கறேன்."

போன வருஷம் ஊருக்குப் போனபோது சுவரில் மாமா போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஆணி இருந்தது. அங்கேதான் அந்த ஸ்கேன் கவரை மாட்டி வைத்திருப்பாள். எங்கே என்று பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்டேன்.

"இன்னிக்குச் சந்தைங்களே, எடுத்துக்கிட்டுப் போயிருக்கும். யாராவது சினை ஆடு விக்க வந்தா போதும், ஃபிலிமை வெயில்ல தூக்கிப் புடிச்சுக் காட்டும். 'இதோ பாரு, இது என் இடுப்பு. இந்த மஞ்சப் புள்ளி ஆடு குடுத்தது. குட்டி வீசுச்சா சொல்லு, நஞ்சைக் கையால தொட்டியா சொல்லு'ன்னு. முதல்ல எல்லாம் சிரிச்சாங்க. இப்ப நாலு பேர் வந்து அதுகிட்ட உறை கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. மெடிக்கல் ஷாப்புல வாங்கி மஞ்சப்பையில வெச்சிருக்குது."

சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை வந்தாள். கவரை ஆணியில் மாட்டினாள். "வெள்ளச்சியைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றாள். "களி கிண்டட்டுமா?"